ஒரே ஒரு குளியல்

1

வருடத்துக்கு ஒரு முறை, நான் இந்த நாட்டில் தொடர்ந்து இருக்கலாமா என்று கேட்டுவர அலோர் ஸ்டார் போகிறேன். மலேசியாவில் கல்யாணம் பண்ணிக்கொண்டு வந்துவிட்டால் மறுநாளே மலேசியாக்காரி ஆகிவிடலாம் என்று அறந்தாங்கியில் என் சொந்தபந்தம் முழுக்க நம்பிக்கொண்டிருக்கிறது. அதெல்லாம் இல்லை. மனைவி என்ற முறையில் தங்கிக்கொள்ள ஓர் அனுமதியைப் பாஸ்போர்ட்டில் ஒட்டிக் கொடுப்பார்கள். அது முடிகிற நேரத்தில் குடிநுழைவு அலுவலகத்தில் போய் நிற்க வேண்டும். கணவரும் கூட வர வேண்டும். "ஆமாம், இவள் என் மனைவிதான், இன்னும் என்னோடுதான் இருக்கிறாள்" என்று அவர் அதிகாரியிடம் சொல்ல, நான் பக்கத்தில் வாயை மூடிக்கொண்டு நிற்பேன். மணவறையில்கூட நீ இவ்வளவு அடக்கமாக உட்கார்ந்ததில்லை என்பார் சரவணன்.

இந்தத் தடவை பள்ளி விடுமுறை. எங்கள் மகள் யாழினியும் வந்தாள். மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். மலாய் பேச எனக்கு அவள்தான் வாய். என்னுடைய மலாய் கடை மலாய். அதை வைத்துக்கொண்டு வெங்காயம் விற்கலாம், கருவாடு பழசில்லை என்று சத்தியம் செய்யலாம். அரசாங்கத்திடம் என்னைப் பற்றி விளக்கம் சொல்ல அது பத்தாது.

அதிகாரி நல்ல பெண்மணி. வீடு எங்கே, கணவருக்கு என்ன தொழில் என்று வழக்கமாகக் கேட்பதையெல்லாம் கேட்டார். கடைசியாக, "அனாக் பெராப்பா ஓராங்?" என்றார். பிள்ளைகள் எத்தனை பேர். இது எனக்கே புரியும் கேள்வி. நான் வாயைத் திறப்பதற்குள் யாழினி முந்திக்கொண்டாள்.

"செஓராங். சாயா சாஜா."

ஒருத்திதான், நான் மட்டும்தான். அதிகாரி சிரித்து, கெட்டிக்காரி என்று அவளைப் பாராட்டினார். முத்திரை விழுந்தது, வெளியே வந்தோம். வருடா வருடம் கேட்கிற கேள்விதான். ஒன்று என்று நானும் வருடா வருடம் சொல்லி வந்திருக்கிறேன். இந்த வருடம் அது வேறொருவர் வாயிலிருந்து வந்தது, அவ்வளவுதான் வித்தியாசம். காடியில் ஏறி பெல்ட்டை மாட்டிக்கொண்டேன். இங்கே காரைக் காடி என்பார்கள். வெளியே நெல்வயல் போய்க்கொண்டிருந்தது. எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. கொஞ்ச தூரம் போன பிறகு, சரவணனும் ரேடியோ போடாமலே ஓட்டிக்கொண்டிருப்பதைக் கவனித்தேன்.

2

ஊரில் இருப்பவர்களுக்கு மலேசியா என்றால் இரட்டைக் கோபுரம். நான் அதை ஒரே ஒரு தடவை, கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்ததோடு சரி. நாங்கள் இருப்பது வடக்கே கெடாவில், புக்கிட் செலம்பாவ் பக்கம். வீட்டு வாசலில் நின்றால் ஒரு பக்கம் எண்ணெய்க்கு வளர்க்கிற செம்பனை, ஒரு பக்கம் ஜெராய் மலை. ஆணும் பெண்ணும் மோட்டர் சைக்கிளில் போவார்கள். பால் புட்டியோடு பிள்ளையும் முன்னால் நின்றுகொண்டு போகும். எங்களுடையது மளிகைக் கடை. அப்பளம், ஊதுபத்தி, அகல்விளக்கு எல்லாம் கிடைக்கும். சரவணனின் தாத்தா எங்கள் பக்கத்து ஊரிலிருந்து கப்பலேறி ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்ட வந்தவர். அந்த உறவைப் பிடித்துத்தான் என்னைக் கொண்டுவந்தார்கள்.

வந்த புதிதில் காலையில் யாரைப் பார்த்தாலும் "பசியாறிட்டீங்களா?" என்பார்கள். காலைப் பலகாரம் ஆயிற்றா என்று கேட்கிறார்கள். எனக்கு அது தெரியாது. "பரவாயில்லைங்க, பசிக்கல" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். கல்யாணம் பண்ணி வந்த பெண் சாப்பிடுவதே இல்லை, சரவணன் வீட்டில் ஏதோ சண்டை என்று பேச்சு கிளம்பி, லெட்சுமி அக்கா விசாரிக்க வந்துவிட்டார்.

லெட்சுமி அக்கா சரவணனின் மூத்த சகோதரி. அம்மா சின்ன வயதிலேயே போய்விட, தம்பியை வளர்த்து ஆளாக்கியவர். சுங்கை லாலாங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டினார். தோட்டத்தை விற்று வீடுகள் கட்டிவிட்டார்கள். இப்போது சுங்கை பட்டாணியில் கையுறைத் தொழிற்சாலையில் வேலை. குரல் பெரிசு, கை அதைவிடப் பெரிசு. எங்கள் வட்டாரத்தில் யார் வீட்டில் பிள்ளை பிறந்தாலும், ஷிஃப்ட் முடிந்து அக்கா மோட்டரில் போய் இறங்குவார். தரையில் காலை நீட்டி உட்கார்ந்து, இரண்டு கெண்டைக்காலுக்கும் நடுவில் பிள்ளையைக் கிடத்தி, எண்ணெய் தேய்த்து வெந்நீர் ஊற்றுவார். ஊரே கேட்கிற மாதிரி வீறிடும் பிள்ளை, குளியல் முடிந்ததும் அப்படித் தூங்கும். எங்கள் ஊரிலும் இப்படித்தான் குளிப்பாட்டுவார்கள். கடல் தாண்டி வந்தும் மாறாத சிலவற்றில் இதுவும் ஒன்று என்று நான் சந்தோஷப்பட்டிருக்கிறேன்.

எனக்குப் பிள்ளை உண்டானதும் அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. முறைப்படி தலைப்பிரசவம் அறந்தாங்கியில் நடந்திருக்க வேண்டும். ரத்த அழுத்தம் ஏறிக்கொண்டே போனதால் விமானம் ஏறக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அம்மாவுக்குப் பாஸ்போர்ட் கிடையாது. "நான் இருக்கேன் லா கோமதி, ஒன் அம்மாவ அழுவ வேணாம்னு சொல்லு" என்றார் அக்கா, பேச்சில் ஒட்டிக்கொள்ளும் இந்த ஊர் 'லா'வோடு. அம்மாவிடம் அப்படியே சொன்னேன். அம்மா அழுதார்.

3

எட்டாம் மாதம் முடியப்போகிற சமயம். காலையில் இருந்து அசைவு தெரியவில்லை என்று சொன்னதும் அக்கா வேலைக்குப் போகாமல் எங்களோடு கிளம்பி வந்தார். எந்த ஆஸ்பத்திரி என்பது இங்கே தேவையில்லை. பெரிய அரசாங்க ஆஸ்பத்திரி, நல்லபடியாகத்தான் கவனித்தார்கள்.

ஸ்கேன் எடுத்த டாக்டர் இளம் வயதுக்காரர். கருவியை வயிற்றில் இப்படியும் அப்படியும் நகர்த்தினார், இன்னொருவரைக் கூப்பிட்டார், அவரும் நகர்த்தினார். பிறகு சரவணனைப் பார்த்து மெதுவாக ஏதோ சொன்னார். அதில் இரண்டு சொல் எனக்குப் புரிந்தது. "தாக் அடா." இல்லை என்று அர்த்தம். கடையில் சரக்கு தீர்ந்துபோனால் நான் நாள் முழுக்கச் சொல்கிற வார்த்தை. சரவணன் சுவரில் கையை ஊன்றிக்கொண்டார். நான் வயிற்றில் பூசியிருந்த பசையைத் துடைக்கத் துணி தேடிக்கொண்டிருந்தேன்.

இறந்த பிள்ளையையும் வலி வந்துதான் பெற வேண்டும் என்று எனக்கு அதுவரை தெரியாது. யாரும் அதையெல்லாம் சொல்லிக்கொடுப்பதில்லை. மருந்து வைத்தார்கள். ராத்திரி போய் விடியும் நேரத்தில் வலி கண்டது. அப்போது வேலைக்கு வந்தவர்தான் ரொஹானா மிஸ்ஸி. இங்கே நர்ஸ்களை மிஸ்ஸி என்பார்கள். மலாய்க்கார அம்மா, ஐம்பது வயதிருக்கும், குட்டையான உருவம், மூக்குக் கண்ணாடி. தோட்டத்துப் பெண்களுக்கு வருடக்கணக்காகப் பிரசவம் பார்த்துத் தமிழ் கற்றுக்கொண்டவர். அதனால் அவர் தமிழ் முழுக்கப் பிரசவ அறைத் தமிழ். முக்கு. மூச்சு விடு. வலி இருக்கா. தண்ணி வேணுமா. கொஞ்சம். போதும். மொத்தமே அவ்வளவுதான். துக்கம் விசாரிக்க அதில் ஒரு சொல்லும் கிடையாது.

உயிரோடு வருகிற பிள்ளைக்கு எப்படிச் சொல்வாரோ அப்படியே எனக்கும் சொன்னார். "முக்கு, அடேக், முக்கு." அடேக் என்றால் தங்கை. நானும் முக்கினேன். பிறந்ததும் அறையில் ஒரு சத்தமும் இல்லை. சத்தம் வராது என்று தெரிந்திருந்தும் எல்லோரும் ஒரு கணம் காத்திருந்தோம். ரொஹானா மிஸ்ஸி என் நெற்றியில் கையை வைத்து, "போதும்" என்றார். பையன்.

பிள்ளையைத் துணியில் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து கேட்டார்: "நாக் தெங்கோக் பேபி?"

தெங்கோக் எனக்குத் தெரியும். சும்மா பார்க்கத்தான் வந்தோம் என்று கடைக்கு வருகிறவர்கள் சொல்வார்கள். பிள்ளையைப் பார்க்கிறாயா என்று கேட்கிறார். நான் பதில் சொல்வதற்குள் தலைமாட்டில் நின்ற லெட்சுமி அக்கா, "தாக் நாக், மிஸ்ஸி" என்றார். வேண்டாம். மிஸ்ஸி அக்காவைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். நான் விட்டத்தைப் பார்த்தேன். வேண்டும் என்றும் எனக்குத் தோன்றவில்லை, வேண்டாம் என்றும் தோன்றவில்லை.

அறந்தாங்கியிலிருந்து அம்மா போனில், "முகத்தப் பாக்காதம்மா, பாத்தா மறக்க முடியாது" என்றார். அக்காவும் அதையே சொன்னார். எதிலும் ஒத்துப்போகாத இரண்டு வீட்டாரும் அன்றைக்குத்தான் ஒரு விஷயத்தில் ஒத்துப்போனார்கள். அக்காவுக்குக் காரணமும் இருந்தது. தோட்டத்தில் இருந்தபோது அவருக்கும் முதல் பெண் பிள்ளை இப்படித்தான் போயிற்று. "எனக்கு யாரும் காட்டல. துணியில சுத்தித் தூக்கிட்டுப் போய்ட்டாங்க. நான் நல்லாத்தான லா இருக்கேன்? மறந்துட்டேன்ல?" என்றார். அதைச் சொல்லும்போது அவர் என் போர்வையை இழுத்து இழுத்துச் சரிசெய்துகொண்டே இருந்தார். அது முதலிலேயே சரியாகத்தான் இருந்தது.

4

ரொஹானா மிஸ்ஸி செய்தவற்றில் சிலதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதெல்லாம் யாருக்காவது உதவும்.

என்னைப் பிள்ளை பெற்றவர்கள் இருக்கும் வரிசையில் போடவில்லை. வார்டின் கோடியில் ஜன்னலோரக் கட்டிலுக்குத் தள்ளிக்கொண்டு போய், சுற்றிலும் திரையை இழுத்துவிட்டார். சாப்பாடு கொண்டுவருகிறவர், தாய்ப்பால் பற்றிப் பாடம் எடுக்கிறவர், தரை கூட்டுகிறவர் என்று ஆஸ்பத்திரியில் ஆளாளுக்கு வந்து ஆணா பெண்ணா என்று சிரித்த முகத்தோடு கேட்பார்கள். திரைக்கு வெளியே ஒவ்வொருவரையும் நிறுத்தி மிஸ்ஸி தாழ்ந்த குரலில் பேசுவது எனக்குக் கேட்டது. ஒருத்தர் கூட உள்ளே வந்து கேட்கவில்லை. நான் அதைப் பெரிய உதவியாக நினைத்தது பிற்பாடுதான்.

வேலை இல்லாத நேரத்தில் உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டார். கடவுள் கொடுத்தார் கடவுள் எடுத்துக்கொண்டார் என்று அவர் சொல்லவில்லை. இன்னொன்று பிறக்கும் என்றும் சொல்லவில்லை. அவ்வளவு பேசத் தமிழ் தெரியாததும் ஒரு காரணமாக இருக்கலாம். சூடாக மைலோ கலந்து கொண்டுவந்து, "கொஞ்சம்" என்றார். குடித்தேன். "வலி இருக்கா?" என்றார். இல்லை என்று தலையாட்டினேன். பொய் இல்லை, நிஜமாகவே இல்லை. மரத்துப்போன கையைத் தொட்டுப் பார்த்தால் யாருடைய கையையோ தொடுவது போல இருக்குமே, எனக்கு உடம்பு முழுக்க அப்படி இருந்தது.

பால் சுரக்கும் என்று எச்சரித்தவரும் அவர் ஒருவர்தான். பிள்ளை இல்லை என்பது உடம்புக்குத் தெரியாது, வீட்டுக்குப் போனதும் பால் கட்டும், பயப்படாதே, பிழியாதே, இறுக்கமாகத் துணி கட்டிக்கொள், இந்த மாத்திரையைச் சாப்பிடு என்று பாதி மலாயிலும் பாதி சைகையிலும் புரியவைத்தார். வீட்டில் ஒருநாள் காலையில் ரவிக்கை நனைந்திருந்தது. மிஸ்ஸி சொல்லியிருக்காவிட்டால் எனக்குப் பைத்தியம் பிடித்திருக்கும். மாத்திரையோடு, மல்லிகைப்பூவை வாங்கிவந்து மார்பில் வைத்துக் கட்டினார் அக்கா. கட்டிலில் படுத்து அந்த வாசனையை முகர்ந்துகொண்டிருந்தேன். கல்யாண வீட்டு வாசனை. இன்றுவரை கடையில் மல்லிகை விற்பதற்கு மட்டும் நான் நிற்பதில்லை. அதைச் சரவணன் பார்த்துக்கொள்கிறார்.

5

அலோர் ஸ்டாரிலிருந்து நேரே வீட்டுக்குத் திரும்பாமல், மொத்தக் கடையில் சாமான் எடுக்க வடக்கே ஜித்ராவுக்குப் போனோம். சரவணன் உள்ளே போய்விட்டார். நானும் யாழினியும் காடியில் உட்கார்ந்திருந்தோம். அவள் கையில் போன். அவள் தமிழ்ப்பள்ளியில்தான் படிக்கிறாள், ஆனால் சிரிப்பது ஆங்கிலத்தில், சண்டை போடுவது மலாயில். தமிழ் என்பது எனக்கும் அவளுடைய வாத்தியாருக்கும் பதில் சொல்வதற்கான மொழி. அறந்தாங்கிக்கு வீடியோவில் பேசச் சொன்னால் "சிக்னல் இல்ல மம்மி" என்று ஓடிவிடுவாள். என்னை அம்மா என்று கூப்பிட்டு நாளாயிற்று.

திடீரென்று போனிலிருந்து நிமிர்ந்து, "மம்மி ஏன் டியாமா இருக்கீங்க?" என்றாள். ஏன் பேசாமல் இருக்கிறாய் என்று கேட்கிறாள்.

"நீ அங்க சொன்னது தப்பு" என்றேன். அப்படிச் சொல்வேன் என்று நானே எதிர்பார்க்கவில்லை.

"எது?"

"புள்ளைங்க ஒண்ணு இல்ல. ரெண்டு. உனக்கு முன்னாடி உனக்கொரு அண்ணன் பொறந்தான்."

அவள் போனை மடியில் வைத்தாள். "சீரியஸா? எங்க இப்ப?"

"பொறக்கும்போதே உயிர் இல்ல."

அழுவாளோ என்று பார்த்தேன். அழவில்லை. அவள் எதையும் முதலில் விசாரித்துத் தெரிந்துகொண்டுதான் பிறகு அழுவாள்.

"அப்ப அது கவுண்ட்டா மம்மி? இமிகிரேசன்ல சொல்லணுமா?"

"அங்க சொல்ல வேணாம். நீ தெரிஞ்சுக்கோ, போதும்."

"அண்ணன் பேரு என்னா?"

"வைக்கல. நம்ம ஆளுங்க அப்படி வைக்கிறதில்ல."

"போட்டோ?"

"இல்ல." மிஸ்ஸி எடுத்துக்கொள்ளச் சொல்லிக் கேட்டார். சரவணனால் முடியவில்லை.

"பேரும் இல்ல, போட்டோவும் இல்ல. அப்புறம் எப்படி லா தெரியும் அண்ணன் யாரு மாதிரின்னு?"

"நான் பாத்தேன்."

"கண்ணால பாத்தீங்களா? பயமா இல்லியா?"

அதற்குள் சரவணன் இரண்டு பெட்டியைச் சுமந்துகொண்டு வந்துவிட்டார். பின்கதவைத் திறந்துவிட நான் இறங்கினேன். திரும்பி வந்து உட்கார்ந்தபோது அவள் கேள்வி அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. வழி நெடுக அவள் போனை எடுக்கவே இல்லை. அவளுக்குச் சொல்லாததை இங்கே எழுதுகிறேன். இவ்வளவு நீளமான தமிழை அவள் இப்போதைக்குப் படிக்கமாட்டாள்.

6

பிள்ளையை அடக்கம் செய்யவும் அனுமதி வேண்டும். அதற்காகச் சரவணன் ஒவ்வொரு கவுண்டராக அலைந்துகொண்டிருந்தார். தாய் வெளிநாட்டுக்காரி என்பதால் என் பாஸ்போர்ட், கல்யாணப் பத்திரம் எல்லாவற்றுக்கும் நகல் கேட்டார்கள். பொழுது சாய்வதற்குள் முடித்துவிட வேண்டும் என்று அவருடைய சிநேகிதர் ஒருவர் அவசரப்படுத்திக்கொண்டிருந்தார். எங்களில் சின்னப் பிள்ளைகளை எரிப்பதில்லை, புதைப்பதுதான். தாய் வரக்கூடாது. ஆண்கள் தூக்கிக்கொண்டு போவார்கள். அனுமதி கையில் கிடைத்துவிட்டால் பிள்ளை போய்விடும் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் படுத்தே கிடந்தேன்.

ரொஹானா மிஸ்ஸி இரண்டாம் தடவை வந்து கேட்டார். அக்கா வேண்டாம் என்றார். மூன்றாம் தடவை அக்காவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, குனிந்து, என் கண்ணைப் பார்த்துக் கேட்டார். அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. இருவரும் மலாயில் பேசினார்கள். அப்போது எனக்குப் பாதிதான் புரிந்தது, மீதியை அக்கா பின்னால் சொன்னார்.

"மிஸ்ஸி, சும்மா சும்மா கேக்காதீங்க. எங்காளுங்க வழக்கம் இல்ல. பாத்தா இந்தப் பொண்ணு தூங்காது."

மிஸ்ஸி எதிர்த்துப் பேசவில்லை. சரி என்று தலையாட்டினார். பிறகு, "உங்கள் வழக்கத்தில் பிள்ளையைக் குளிப்பாட்டித்தானே கொண்டுபோவீர்கள்?" என்று கேட்டார்.

"ஆமா."

"யார் குளிப்பாட்டுவது?"

"ஆம்பளைங்க அங்க போயி மேல தண்ணி தெளிப்பாங்க."

"இன்னும் கொஞ்ச நேரத்தில் எனக்கு ஷிஃப்ட் முடிகிறது. அதற்குள் நானே குளிப்பாட்டிக் கொடுத்துவிடலாம் என்று பார்க்கிறேன். ஆனால் என் கை எங்கள் வழக்கப்படிதான் குளிப்பாட்டும். உங்கள் ஆட்கள் எப்படிச் செய்வீர்கள் என்று தெரியாது. நீங்கள் செய்வீர்களா, அக்கா?"

லெட்சுமி அக்கா ஜன்னல் பக்கம் போனார், திரும்பி வந்தார். கைப்பையை எடுத்து நாற்காலியில் வைத்தார். "வெந்நீர் இருக்கா?" என்றார்.

மிஸ்ஸி எங்களுக்காகப் போட்ட தந்திரமா அது, இல்லை நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டாரா என்று நானும் அக்காவும் பல தடவை பேசியிருக்கிறோம். இன்னும் முடிவுக்கு வரவில்லை.

என் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே தரையில் பிளாஸ்டிக் விரித்து, அதன்மேல் வெளுத்த விரிப்பைப் போட்டார் மிஸ்ஸி. நடுவில் இருந்த திரையை இழுத்துவிட்டார்கள். நான் கேட்கத்தான் முடிந்தது, பார்க்க முடியவில்லை. பாத்திரம் வைக்கும் சத்தம். அக்கா உட்காரும்போது முட்டி சொடுக்குகிற சத்தம். "பெலான்-பெலான்" என்று மிஸ்ஸி. மெதுவாக, தோல் ரொம்ப மெல்லிசு, தேய்க்காதே என்கிறார். அதன் பிறகு தண்ணீர். அக்கா வழக்கமாக ஊற்றுகிற மாதிரி சளசளவென்று இல்லை. உள்ளங்கையில் அள்ளி, விரல் இடுக்கு வழியாக ஒழுகவிடுகிற சத்தம்.

கொஞ்ச நேரத்தில் அக்கா பேச ஆரம்பித்தார். எங்கள் வட்டாரத்துப் பிள்ளைகளிடம் எப்படிப் பேசுவாரோ அப்படியே, கொஞ்சம்கூட மாற்றமில்லாமல்.

"என்னாய்யா, தலையில இவ்ளோ முடி? ஒங்கப்பனுக்கு இவ்ளோ முடி இல்லடா அப்ப. அத்த கை சூடா இருக்கா? கால நீட்டு, கால நீட்டு. ஆங், அவ்ளோதான். நல்ல புள்ள. அழுவாத புள்ள."

அப்புறம் தண்ணீர்ச் சத்தம் நின்றது. குரல் இறங்கிப்போயிற்று.

"ஒனக்கு மச்சினி, எம் மக, ஒருத்தி இருந்தாய்யா. அவள யாரு குளுப்பாட்டுனாங்கன்னு எனக்குத் தெரியாது. குளுப்பாட்டுனாங்களான்னே தெரியாது. நான் கேக்கவே இல்லய்யா யாரையும்."

நான் கட்டிலிலிருந்து இறங்கினேன். யாரும் என்னைக் கூப்பிடவில்லை. கால் தரையில் பட்டது தெரிந்தது, சில்லென்றிருந்தது. காலையிலிருந்து எனக்கு உறைத்த முதல் விஷயம் அதுதான். திரையை விலக்கினேன்.

ரொஹானா மிஸ்ஸி எழுந்து, ஸ்டூலை என் பின்னால் நகர்த்திவைத்துவிட்டுத் தள்ளி நின்றுகொண்டார். அக்கா நிமிர்ந்து பார்த்தார். முகத்தை மூடுவார் என்று நினைத்தேன். மூடவில்லை. "வா, வந்து பாரு. மூக்கு ஒன் மூக்குதான் லா" என்றார்.

பயமா இல்லியா என்றாள் யாழினி. பயமே இல்லை. கெண்டைக்கால் நடுவே படுத்திருந்தது ஒரு பிள்ளை, அவ்வளவுதான். உதடு மட்டும் நல்ல சிவப்பில்லாமல் கருத்திருந்தது. காது மடல் சரவணனுடையது. இரண்டு கைவிரலும் மூடியிருந்தன. வலது புருவத்தின் மேல் சின்னதாக ஒரு சுழி. யாழினிக்கும் அதே இடத்தில் உண்டு. அது அவளுக்குத் தெரியாது. தலை வாரிவிடும்போதெல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன்.

அக்கா துவட்டினார். மிஸ்ஸி நீட்டிய வெள்ளைக் குல்லாவை மாட்டினார். பிறகு கை பழக்கத்தில் நாற்காலியிலிருந்த கைப்பையை இழுத்து, கண்மை டப்பாவைத் திறந்து, விரலில் தொட்டு, இடது கன்னத்தில் பெரிதாக ஒரு திருஷ்டிப் பொட்டு வைத்தார். வைத்த பிறகுதான் என்ன செய்தோம் என்று அவருக்கு உறைத்தது. மை ஒட்டிய விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கண்ணு பட்டுறும்னு வச்சிட்டேன் கோமதி" என்றார். "இவனுக்கு யாரு லா கண்ணு வைக்கப் போறா?"

அந்தப் பெரிய குரல்காரர் வாயைப் பொத்திக்கொண்டு அழுததை அன்றைக்குத்தான் பார்த்தேன். மிஸ்ஸிக்குத் தமிழ் புரியவில்லை. ஆனாலும் தரையில் மண்டியிட்டு, அக்காவின் ஈரத் தோளைப் பிடித்துக்கொண்டார். பொட்டை யாரும் துடைக்கவில்லை.

நான் கையை நீட்டினேன். கொடுத்தார்கள். கனம் இருந்தது. இத்தனை மாதம் சுமந்த அதே கனம்தான், இடம் மட்டும் மாறியிருந்தது. என் மகன் என்று மனசுக்குள் சொல்லிப் பார்த்தேன். அழுகை வரவில்லை. வராததற்காக வருத்தப்படவும் தெரியவில்லை. முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஷிஃப்ட் மாறுகிற மணி அடித்து, வேறு மிஸ்ஸிகள் வந்துவிட்டார்கள். ரொஹானா மிஸ்ஸி போகவில்லை. திரைக்கு வெளியே ஆண்கள் வந்து நின்றபோதும் அவர்தான் போய், இருங்கள், இன்னும் கொஞ்சம் என்று நிறுத்திவைத்தார். சிநேகிதர் கடிகாரத்தைக் காட்டி ஏதோ சொன்னார். மிஸ்ஸி அசையவில்லை.

பிறகு உள்ளே வந்து என் முன்னால் குனிந்தார். தன் கையைக் காட்டினார், வெளியே காட்டினார். என்னைக் காட்டினார், வெளியே காட்டினார். நான் கொண்டுபோய்க் கொடுக்கட்டுமா, நீயே கொடுக்கிறாயா. நான் எழுந்து நின்றேன். அக்கா என் முதுகில் கை வைத்துத் தாங்கிக்கொண்டார்.

சரவணன் திரையை விலக்கிக்கொண்டு வந்தார். சட்டைப்பையில் அனுமதிக் கடிதம், தோளில் புதுத் துணி. என்னை அப்படி நின்ற கோலத்தில் எதிர்பார்க்கவில்லை போலிருக்கிறது. கண்ணை எங்கே வைப்பது என்று தெரியாமல், கடையில் முட்டைத் தட்டு வாங்கும்போது நீட்டுவது போல இரண்டு கையையும் விறைப்பாக நீட்டினார். பாவம், அவரும் அதுவரை ஒரு பச்சைப் பிள்ளையைத் தூக்கியதில்லை.

"இப்படி இல்லைங்க" என்றேன். விடிந்ததிலிருந்து நான் பேசிய முதல் வார்த்தை. "தலையத் தாங்கிப் பிடிங்க."

அவர் கையை மாற்றி, தலையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டார்.